தையல் மட்டும் மிஞ்சிய சட்டை

என்னைக் கண்டால் நெசவாளர்கள் ஓடி ஒளிகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். சுத்தப் பொய். ஒரே ஒரு நெசவாளர்தான், ஒரே ஒரு தடவைதான், தறிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அதுவும் நான் மூன்றாவது நாளாகப் போய் அதே கேள்வியைக் கேட்டபோது. பருத்தி யார் வயலில் விளைந்தது, அங்கே என்ன மருந்து தெளித்தார்கள், சாயத் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது, கூலி வாராவாரம் கைக்கு வருகிறதா என்றெல்லாம் கேட்காமல் ஒருவரிடம் துணி வாங்குகிறவள் நான் இல்லை. மொத்தம் முப்பத்தொரு கேள்விகள். ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் எனக்கு வைத்த பெயர் ‘விசாரணை கமிஷன்’. வைத்துவிட்டுப் போகட்டும், நான் கவலைப்படுவதில்லை.

நானும் என் ஓரகத்தியும் சேர்ந்து ஆண், பெண் இருவரும் போடுகிற சட்டை தயாரித்து விற்கிறோம். அவள் என் கொழுந்தனின் மனைவி. ஒரே வீட்டில் மாடியில் அவர்கள், கீழே நாங்கள். முன்னறையில் ஒரு வெட்டு மேசை, இரண்டு அலமாரி, அவ்வளவுதான் கம்பெனி. துணியும் பொத்தானும் தேடிப் பிடிப்பது என் பாடு. அளவு போட்டு வெட்டுவதும் விற்பதும் அவள் பாடு. நான் விற்கப் போனால் வாங்க வந்தவர்களையும் கேள்வி கேட்டே விரட்டிவிடுவேன் என்று அவளுக்குப் பயம். உங்களுக்குள் சண்டையே வராதா என்று பலரும் கேட்கிறார்கள். வரும். நான் மட்டும் போடுவேன், அவள் சிரித்துக்கொண்டே துணி வெட்டிக்கொண்டிருப்பாள். எதிராளி இல்லாமல் எவ்வளவு நேரம்தான் சண்டை போடுவது?

என் கைப்பையில் சாவி இருக்கிறதோ இல்லையோ, தீப்பெட்டி இருக்கும். துணியின் ஓரத்தில் ஓர் இழையைப் பிரித்துக் கொளுத்திப் பார்ப்பேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை இழை கலந்திருந்தால் உருகி, கறுப்பு மணியாகச் சுருண்டுகொள்ளும். “சுத்தப் பருத்திம்மா, கண்ண மூடிட்டு வாங்கலாம்” என்று சத்தியம் பண்ணிய வியாபாரிகள் எத்தனை பேர் அந்தக் கறுப்பு மணியைப் பார்த்து அசடு வழிந்திருக்கிறார்கள்! ஒருவர் மட்டும், “ஏம்மா, கடையக் கொளுத்த வந்தியா?” என்று கத்தினார். நானும் பதிலுக்குக் கத்தினேன். அந்தக் கடைப் பக்கம் இப்போது போவதில்லை.

பொத்தானுக்கு நான் அலைந்தது தனிக் கதை. கடைகளில் கிடைப்பதெல்லாம் பிளாஸ்டிக். கடைசியில் பஸ்ஸில் ஒரு மணி நேரம் போய்ப் பிடித்த ஒரு தச்சர், நாற்காலி செய்கிறவர், தேங்காய்ச் சிரட்டையில் வட்டம் வெட்டித் துளை போட்டுத் தருகிறேன் என்றார். முதல் நூறு பொத்தானும் நூறு அளவு. காஜாவில் ஒன்று நுழையாது, இன்னொன்று நிற்காது. மூன்று மாதம் அவர் உயிரை வாங்கி ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். இப்போது நாற்காலியை விட்டுவிட்டுப் பொத்தான்தான் செய்கிறார். “உங்க தொல்லைக்கு நாற்காலியே தேவலாம்” என்று போகும்போதெல்லாம் சொல்வார், ஆனால் டீ வாங்கிக் கொடுக்காமல் அனுப்ப மாட்டார்.

இப்படித் தேடிச் சேர்த்த ஆட்களின் பெயரெல்லாம் எங்கள் சட்டையில் தொங்கும் அட்டையில் இருக்கும். பருத்தி விளைவித்தவர், நெய்தவர், சாயம் தோய்த்தவர், பொத்தான் செய்தவர் என்று நான்கு பெயர். அவற்றுக்குக் கீழே, தனியாக, ஒரு வரி: ‘பழையதானால் மண்ணில் புதையுங்கள். மிச்சம் இருக்காது.’ அந்த வரி நான் எழுதியது. காலரை விறைப்பாக்க உள்ளே வைக்கிற பசைத்துணிகூட வேண்டாம் என்று, அதே துணியை இரண்டு மடிப்பு வைக்கச் சொன்னவள் நான். எழுத மாட்டேனா?

இவ்வளவு பேச்சுக்கும் அடியில் இருந்தவர் டெய்லரக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டின் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் இரண்டு மெஷின் வைத்துத் தைக்கிறார். எங்கள் முதல் சட்டையிலிருந்து எல்லாம் அவர் கை. சிரட்டைப் பொத்தானுக்குத் தகுந்தபடி காஜாவை ஒரு நூல் அளவு பெரிதாக எடுக்க வேண்டும், கைத்தறித் துணியை இழுத்துப் பிடிக்காமல் தானாக ஓட விட வேண்டும் என்பதெல்லாம் அவர் தானே கண்டுபிடித்தது. நடுவில் வேறு இருவரிடம் கொடுத்துப் பார்த்தோம். ஒருவர் தைத்த காலர் காது மாதிரி மடங்கியது. இன்னொருவர், “இந்தத் துணி நம்ம மெஷினுக்கு ஆகாது” என்று அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு பெரிய தையல் கம்பெனி அக்காவை மேற்பார்வைக்கு வரச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பியது. அவர் போயிருந்தால் எங்கள் கம்பெனி அன்றைக்கே மூடியிருக்கும். அது எனக்கும் தெரியும், ஓரகத்திக்கும் தெரியும். அவர் சாதாரணமாக என்னை ‘ஏம்மா’ என்பார். கோபம் வந்தால் மட்டும் ‘மேடம்’. 

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். பின்பக்கத்திலிருந்து கொழுந்தனின் குரல்.

“அண்ணி! உங்க சட்டை வந்திருக்கு, வந்து பாருங்க!”

கொழுந்தனுக்குத் தோட்டப் பைத்தியம். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற துண்டு மண்ணில் கீரையும் தக்காளியும் போட்டுவிட்டுப் பெரிய பண்ணைக்காரன் மாதிரி இடுப்பில் கை வைத்து நிற்பான். மூலையில் ஓர் உரக்குழி. சமையலறைக் கழிவு, காய்ந்த இலை எல்லாம் அதில் போகும். போன வருஷம் ஓரகத்தி இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்ட சட்டை ஒன்று இருந்தது. துடைக்கிற துணியாக வைத்திருந்தோம். அதை இவன் எடுத்துக்கொண்டு போய், அட்டையில் நான் எழுதிய வரியை நம்பி, உரக்குழியில் புதைத்திருக்கிறான். பத்து மாதம் கழித்து இன்றைக்கு உரம் அள்ளும்போது மண்வெட்டியில் அகப்பட்டிருக்கிறது.

கொடியில் தொங்கியது. சட்டை என்றா சொன்னேன்? துணி ஒரு விரல்கடை கூட இல்லை, எல்லாம் மண்ணாகிவிட்டது. தையல் மட்டும் அப்படியே இருந்தது. காலர் ஓரத்தின் இரட்டைத் தையல், இரண்டு தோள், கையைச் சுற்றிய வளையம், காஜா ஒவ்வொன்றின் சின்ன வட்டம், எல்லாம் மண் ஒட்டிய நூலாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. ஏழு சிரட்டைப் பொத்தான்களும் அதில் ஆடிக்கொண்டிருந்தன.

“நல்லா காத்தோட்டமா இருக்கு அண்ணி. வெயில் காலத்துல ஓடும்” என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே போய்த் தீப்பெட்டியை எடுத்து வந்தேன். சட்டைக் கையின் தையலில் ஒரு முனையைப் பிடித்துக் கொளுத்தினேன். உருகிச் சுருண்டு, கறுப்பு மணியாக நின்றது. பாலியெஸ்டர் நூல். நான்கு வருஷமாக நாங்கள் விற்ற அத்தனை சட்டையிலும் அட்டையில் ஒரு பொய் தொங்கியிருக்கிறது. அதைவிட மோசம், அடுத்த திங்கட்கிழமை அறுபது சட்டை ஒரு பெரிய கடைக்குப் போக வேண்டும். அந்தக் கடைக்காரம்மா எங்களைத் தேடி வந்ததே அந்த வரியைப் படித்துத்தான்.

“டெய்லரக்கா வேலைதான் இது” என்றேன்.

“அக்கா, கொஞ்சம் பொறுங்க, கேட்டுப் பாக்கலாம்” என்று ஓரகத்தி சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் செருப்பை மாட்டிவிட்டேன். ஈரத் தலை, கையில் அந்த நூல் சட்டை. தெருவில் ஒரு சைக்கிள்காரர் என்னைப் பார்த்து இறங்கியே விட்டார்.

அக்காவின் அறைக் கதவு எப்போதும் திறந்துதான் இருக்கும். நான் நேராக உள்ளே போனேன். அவர் எங்கள் சட்டை ஒன்றுக்குப் பட்டி வைத்துக்கொண்டிருந்தார். நூல் சட்டையை மெஷின் மேலேயே போட்டேன்.

“என்ன இது?” என்றார்.

“இத நான் கேக்கணும். எங்க பேரையே கெடுத்துட்டீங்களே! பருத்தித் துணிக்கு பாலியெஸ்டர் நூல் போட்டுத் தைச்சிருக்கீங்க. நாலு வருஷம்! உங்கள எவ்வளவு நம்பினேன்!”

அவர் மெஷினை நிறுத்தினார். நூல் சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, தோள் தையலை விரலால் தடவிப் பார்த்தார். “ஒரு தையல் கூட விடல, பாத்தீங்களா?” என்றார். பெருமையாகத்தான் சொன்னார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

“விளையாட்டா இருக்கா உங்களுக்கு?”

அவர் எழுந்து அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இழுத்தார். ஓரம் கிழிந்த பழைய பெட்டி. உள்ளே காலி நூல் கோன்கள். பெட்டியின் மேல் கறுப்பு மையில் ‘டெய்லரக்காவுக்கு’ என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. எங்கேயிருந்தாலும் தெரியும், ‘க்’குக்கு மேல் புள்ளியை நான் வட்டமாகப் போடுவேன்.

“முதல் மாசம் நீங்கதான் கொண்டு வந்து குடுத்தீங்க மேடம். நாப்பது கலர். துணியோட வச்சுப் பாத்து நீங்களே பொறுக்கினது. தீந்தா இதே மாதிரி வாங்கிக்கங்கன்னு சொன்னீங்க. வாங்கினேன்.”

நினைவு வந்தது. மொத்தக் கடையில் இரண்டு மணி நேரம் நின்று, சாயத்துக்குப் பொருந்துகிற நிறம் தேடித் தேடி எடுத்தேன். நிறத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. தீப்பெட்டி கைப்பையில்தான் இருந்தது. நூல் எனக்குத் துணியாகவே தோன்றவில்லை.

தோற்றுப்போகிறோம் என்று தெரிந்தால் வாயை மூடுகிற புத்தி எனக்கு இல்லை. “உங்களுக்குத் தெரியும்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“ரெண்டு தடவ சொன்னேன். நூல் மட்டும் பருத்தி இல்ல போலிருக்கேன்னு. ஒரு தடவ நீங்க போன்ல அந்த பொத்தான்காரரோட சண்டை போட்டுட்டு இருந்தீங்க. கையக் காட்டி நிறுத்தினீங்க. இன்னொரு தடவ, ‘அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க தையுங்க’ன்னீங்க. சரின்னு தைச்சேன்.”

அவர் பட்டி வைத்துக்கொண்டிருந்த சட்டையை மடித்தார். தைத்து முடித்தவற்றை ஒரு மூட்டையாகவும், வெட்டின துணியை இன்னொரு மூட்டையாகவும் கட்டினார். அவசரமே இல்லை.

“அம்பத்திரண்டு முடிஞ்சது. எட்டு பாக்கி. எடுத்துட்டுப் போயிடுங்க மேடம். இனிமே வேற ஆளப் பாத்துக்கங்க. ஏமாத்துக்காரின்னு பேர் வாங்கறதுக்கு நான் கம்பெனிக்கே போயிடலாம்.”

மெஷினை உறை போட்டு மூடினார். இரண்டு தோளிலும் இரண்டு மூட்டையோடு நான் வீடு வந்து சேர்ந்தேன். வழியில் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அழுதேன். அந்த எட்டுச் சட்டைக்காக இல்லை. திட்டிய வார்த்தைகளை ஒவ்வொன்றாக நினைத்துத்தான். இனி அவர் எங்களுக்குத் தைக்கமாட்டார்.

ஓரகத்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மூட்டையைப் பிரித்து ஒரு சட்டையை மேசையில் விரித்தாள். அட்டையை எடுத்து ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தாள். நான்கு பெயர். பிறகு என்னைப் பார்த்தாள்.

“டெய்லரக்கா எங்க அக்கா?”

“வீட்லதான்.”

“அதில்ல. இதுல எங்கன்னு கேக்கறேன்.”

நான் அட்டையை வாங்கிப் பார்த்தேன், என்னமோ அங்கே ஒளிந்திருக்கப்போகிற மாதிரி. இல்லை. நோட்டைப் புரட்டினேன். நெசவாளருக்கு ஆறு பக்கம், சாயக்காரருக்கு ஐந்து பக்கம், பொத்தான் தச்சருக்கு ஒன்பது பக்கம் பதில் எழுதியிருந்தேன். அக்காவுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. பக்கத்துத் தெருதானே, நம்ம ஆள்தானே என்று விட்டுவிட்டேன் போலிருக்கிறது. முப்பது மைல் தள்ளி இருக்கிறவர்களின் கூலியும் குடிதண்ணீரும் எனக்குத் தெரியும். தினமும் பார்க்கிறவரைப் பற்றி, நன்றாகத் தைப்பார் என்பதைத் தவிர எதுவும் தெரியாது. அவரிடம்தான் ஈரத் தலையோடு ஓடியிருக்கிறேன், நியாயம் கேட்க! என்னை நானே நாலு சாத்து சாத்திக்கொள்ளலாம் என்றிருந்தது.

மறுநாள் கடைக்காரம்மாவுக்கு நானே போன் பண்ணினேன். ஓரகத்தி வேண்டாம், நான் பேசுகிறேன் என்று கையை நீட்டினாள். கொடுக்கவில்லை. துணி மட்கும், நூல் மட்காது, தப்பு எங்களுடையது, தைத்தவருடையது இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

“எப்படித் தெரிஞ்சது?” என்று கேட்டார்.

“என் கொழுந்தன் புதைச்சுப் பாத்தான்.”

அவர் சிரித்துவிட்டார். “என்கிட்ட சட்டை குடுக்கறவங்க யாரும் புதைச்சுப் பாத்ததில்ல. அந்த வரிய எடுத்துட்டு அம்பத்திரண்டயும் குடுங்க. வரியோட வர்றது எப்ப வருதோ அப்ப வரட்டும்” என்றார். நல்ல மனுஷி. கொழுந்தனும் ஓரகத்தியும் அன்று முழுக்க உட்கார்ந்து ஐம்பத்திரண்டு அட்டைகளிலும் கடைசி வரியை மட்டும் கத்தரித்தார்கள். தன்னால்தான் வந்தது என்று நினைத்தானோ என்னவோ பாவம், கொழுந்தன் ஒரு கேலியும் பண்ணாமல் வெட்டினான்.

நான் நூல் தேடிப் போனேன். இதில் எனக்குச் சந்தோஷம், என்னை யாரும் குறை சொல்ல முடியாது. மொத்தக் கடையில் பருத்தித் தையல் நூல் என்று கேட்டால், “அதெல்லாம் யாரு வாங்கறாங்க இப்ப?” என்று பாலியெஸ்டரையே எடுத்து வைத்தார்கள். எங்கள் நெசவாளரிடம் போனேன். இந்தத் தடவை அவர் ஒளியவில்லை. அவருக்கு நூல் தருகிற ஆலையில் மூன்று இழையை முறுக்கிப் போர்வை தைக்கிற பெண்களுக்கென்று கொஞ்சம் தையல் நூல் செய்கிறார்களாம். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். தகரக் கூரை போட்ட கூடம், காது அடைக்கிற சத்தம், தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டிய பெண்கள். பொறுப்பாளரான பெண்மணி என் முப்பத்தொரு கேள்விக்கும் சளைக்காமல் பதில் சொன்னார். மூக்கை மூடத் துணி ஏன் யாரும் கட்டவில்லை என்று கேட்டதற்கு மட்டும், “குடுக்கறோம், கட்ட மாட்டேங்கறாங்க. நீங்க சொல்லிப் பாருங்க” என்றார். சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேர் கட்டினார்கள். நூலைக் கொளுத்தினேன். காகித வாசனை, சாம்பல். ஆறு கோன் வாங்கிக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை அக்காவின் வாசலில் போய் நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போகக் கால் வரவில்லை. தட்டினேன்.

“யாரு? ஓ, மேடமா.”

“மன்னிச்சுடுங்கக்கா” என்றேன். இன்னும் அழகாகச் சொல்ல வழி நெடுகத் தயார் பண்ணியிருந்தேன், எல்லாம் மறந்துபோயிற்று. “தப்பு என்னோடது. உங்களத் திட்டினது அதைவிடப் பெரிய தப்பு.”

அவர் எழுந்து வந்தார். கோனை வாங்கி நூலை இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்தார். அறுந்தது. மெஷினில் மாட்டி ஒரு துண்டுத் துணியில் ஓட்டினார். நாலு விரல்கடை ஓடியதும் அறுந்தது. ஊசியைக் கழற்றித் தடியான ஊசி போட்டார். நூலின் இறுக்கத்தைத் தளர்த்தினார். மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றில் நூலை உரசி இழுத்து மறுபடி ஓட்டினார். இந்தத் தடவை ஓடியது. வேகம் கூட்டினார், அறுந்தது. குறைத்தார், ஓடியது.

“மெதுவாத்தான் போகணும் இது. ஒரு நாளைக்கு ஆறு சட்டை தைக்கற கைக்கு நாலுதான் வரும்” என்றார்.

“நாலே தையுங்க. ஆறுக்கு உண்டான கூலி வரும்.”

“தைக்கறேன்னு நான் சொல்லலியே.”

நான் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். “சொல்ல வேணாம். எல்லார்கிட்டயும் கேட்டத உங்ககிட்ட கேக்கல. அத மட்டும் கேட்டுட்டுப் போயிடறேன்.”

“அடடா, கமிஷன் நம்ம வீட்டுக்கும் வந்தாச்சா?” என்றார். அந்தப் பெயர் அவருக்கு யார் சொன்னது? என் வீட்டுக்காரராகத்தான் இருக்கும். ஆனாலும் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

கேட்டேன். வேலை செய்யும் இடத்தில் வெளிச்சம் போதுமா? மூன்று மணிக்கு மேல் ஜன்னல் வெளிச்சம் படிக்கட்டுக்குப் பின்னால் போய்விடும், கறுப்புத் துணியில் கறுப்பு நூலை விரலால் தடவித்தான் தைப்பேன் என்றார். கடைசியாக எப்போது நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு எடுத்தீர்கள்? தம்பி கல்யாணத்துக்கு. அது எப்போது? அவன் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. இந்த வேலையில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன?

“நீங்கதான்” என்றார் யோசிக்காமல்.

எழுதிக்கொண்டேன். அவர் எட்டிப் பார்த்து, நான் நிஜமாகவே எழுதியிருப்பதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தார். அட்டையில் உங்கள் பெயர் போடலாமா என்று கேட்டபோது, “கடைசியில போட்டா வேணாம். துணியாக் கெடந்தத சட்டையாக்கினது யாரு? முதல்ல போடுங்க” என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

இருபத்தேழாவது கேள்வி, நீங்கள் செய்வதை நீங்கள் பயன்படுத்துகிறீர்களா என்பது. நெசவாளர் தன் துணியில் வேட்டி கட்டுகிறார், தச்சர் சட்டையில் அவர் பொத்தான்தான் இருக்கிறது.

“எனக்கு யாரும்மா தைச்சுக் குடுக்கறது?” என்றார் அக்கா. “நாள் முழுக்கத் தைச்சுட்டு, எனக்குன்னு உக்காந்து தைக்க முதுகு ஒத்துக்காது. ரெடிமேட்ல எடுத்துப் போட்டுக்கறேன்.”

“நான் தைச்சுத் தரேன்.”

“நீங்களா?”

“ஏன், ஓரகத்தி வெட்டித் தருவா. வீட்ல பழைய மெஷின் இருக்கு.”

“பொத்தான் பிஞ்சா அதக்கூட எங்கிட்ட அனுப்பறவங்க நீங்க.”

“அளவு எடுக்கட்டுமா, வேணாமா?”

எழுந்து நின்றார். அவருடைய டேப்பை வாங்கி அளந்தேன். கழுத்து, கை நீளம், உயரம். தோளுக்கு வந்தபோது எதுவோ சரியாக வரவில்லை. மறுபடி அளந்தேன். டேப்பைக் கழுத்தெலும்பிலிருந்து இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தேன். வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல்கடை இறங்கியிருந்தது.

“அது அப்படித்தான்” என்றார். “இருபத்திரண்டு வருஷமா இந்தப் பக்கமே சாஞ்சு துணியத் தள்ளறேன். நீங்க நேராவே வெட்டுங்க, ஒண்ணும் தெரியாது.”

எத்தனை பேருக்கு இரண்டு தோளும் ஒரே உயரத்தில் உட்கார்கிற மாதிரி தைத்துக் கொடுத்திருக்கிறார்! அளவை எழுதினேன். இடது, வலது என்று தனித்தனியாக எழுதினேன்.

அந்தச் சட்டை எனக்கு மூன்று நாள் எடுத்தது. ஓரகத்தி வலது தோளுக்குத் தகுந்தபடி இறக்கி வெட்டிக் கொடுத்தாள், அத்துடன் மாடிக்குப் போய்விட்டாள். என் வாயில் வந்த வார்த்தைகளைக் கேட்கக்கூடாதென்று. புது நூல் பதினேழு தடவை அறுந்தது. ஒரு கையை உள்பக்கம் வெளியே வரும்படி வைத்துத் தைத்துவிட்டு, பிரித்து, மறுபடி தைத்தேன். காலருக்கு மட்டும் ஒரு பகல் போயிற்று. பொத்தானைக் கையால் வைத்தேன். விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. இதைத்தான் ஒரு நாளைக்கு ஆறு தைத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்க நினைக்க, ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட கூச்சல் என் காதிலேயே ஒலித்தது.

சனிக்கிழமை காலை, சட்டையையும் அந்த எட்டுச் சட்டைத் துணியையும் எடுத்துக்கொண்டு போனேன். துணியை வாசலிலேயே வைத்தேன், எடுப்பதும் விடுவதும் அவர் இஷ்டம். சட்டையை மட்டும் கொடுத்தேன். அவர் அதை உள்ளும் புறமுமாகத் திருப்பினார். அடித்தையலைப் பார்த்தார், காஜாவைப் பார்த்தார், காலரின் இரண்டு முனையையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். ஒரு முனை கூராகவும் ஒரு முனை மழுங்கியும் இருந்தது. உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்.

சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். வலது கையைத் தூக்கினார், இறக்கினார். தோள் சரியாக உட்கார்ந்திருந்தது, எங்கேயும் இழுக்கவில்லை.

“காலர் மோசம்” என்றார்.

“தெரியும்.”

“இடது கை அரை இஞ்ச் நீளம்.”

“குடுங்க, பிரிச்சுத் தரேன்.”

“விடுங்க, இருக்கட்டும்” என்றார். இடது கையை ஒரு மடிப்பு மடித்து விட்டுக்கொண்டார். பிறகு வாசலுக்குப் போய் அந்த மூட்டையைத் தூக்கி வந்து மெஷின் பக்கத்தில் பிரித்தார். உறையை எடுத்தார். தடியான ஊசியில் பருத்தி நூலைக் கோத்து, முதல் சட்டைக்குத் தோள் சேர்த்து, வலது பக்கமாகச் சாய்ந்து, மெதுவாக ஓட்ட ஆரம்பித்தார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு வருஷத்தில் அவர் எங்கள் சட்டையைப் போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். மூன்று மணி தாண்டி ஜன்னல் வெளிச்சம் போனதும் எழுந்து போய், பக்கத்துக் கடையில் நல்ல விளக்கு ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊசி மட்டும் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.